குவார்தலோ

ஒரேத்தோ, பலேர்மோ
15 ஒக்டோபர் 2023

அக்கா,

இதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவாய் என்று என் சிநேகிதி மொனிகா சொல்கிறாள். போடுவதானால் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுப் போடு. கடிதம் எழுத எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதப் பழக்கினார்கள், அவ்வளவுதான். 'வயிற்றுவலி காரணமாக' என்று தொடங்கினால் நீ சிரிப்பாயோ தெரியாது.

என் போனிலிருந்து உன் நம்பரை அப்பா தன் கையாலேயே அழித்தார். "அவளோடை கதைக்கிறதெண்டால் நீயும் அங்கையே போ" என்றார். அதனால்தான் இந்த முத்திரையும் கடித உறையும். பதில் போடுவதானால் மொனிகா வீட்டு முகவரிக்குப் போடு. ஸ்பெயினில் எனக்கு ஒரு பேனா நண்பி இருக்கிறாள், பள்ளிக்கூட வேலை என்று மொனிகாவின் அம்மா றோஸ்மேரி அன்ரியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அன்ரி பாவம், நம்பிவிட்டார்.

ரயில் கதவு மூடிய பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதற்கு முன் நடந்ததையும் நீ பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைத்தான் சொல்ல வந்தேன்.

விமான நிலையம் போகிற ரயில் வாசலில் நீ நின்றாய். நானும் அம்மாவும் கீழே நின்றோம். சட்டைப்பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தாய். குனிந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி, "குவார்தலோ" என்றாய். அம்மாவுக்குத் தெரியக்கூடாததை எல்லாம் நாங்கள் ஸ்பானியத்தில்தானே கதைப்போம். ஆனால் அந்த நேரம் எனக்கு அது இத்தாலியனாகத்தான் கேட்டது. இத்தாலியனில் குவார்தலோ என்றால் 'அதைப் பார்'. பிறந்த நாளிலிருந்து கேட்கிற சொல். நீ பார்க்கச் சொல்கிறாய் என்று நினைத்துக் கையை விரித்தேன். உன் நிச்சயதார்த்த மோதிரம். அம்மா என் தோளோடு ஒட்டி நின்றார். அவரும் பார்த்தார். கதவு மூடியது.

ஸ்பானியத்தில் அதே சொல்லுக்கு 'பத்திரமாய் எடுத்து வை' என்று அர்த்தம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஓடி வெளித்தது. அக்கா, நீ லிச்சேயோப் பள்ளியில் ஐந்து வருடமும் ஸ்பானியம் படித்து, மேல்படி பி2 சோதனை எடுத்தவள். நான் முதலாம் வருடம், முதற்படி மட்டும் முடித்தவள். ஏ1. என்னிடம் இவ்வளவு பெரிய வேலையைத் தரலாமா?

அப்பா சியாகுல்லித் தோட்ட வேலையால் வந்து கால் கழுவிய பிறகு, அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு அப்பாவின் சத்தம்தான் கேட்டது. அடுத்த நாள் அப்பா டோர்ட்முண்டுக்குப் போன் எடுத்து மாப்பிள்ளை சுஜீவன் அண்ணாவின் தகப்பனோடு கதைத்தார். கதிரையை விட்டு எழும்பி நின்று கதைத்தார். 'மன்னிக்க வேணும்' என்று சொன்னபோது தலையையும் குனித்தார், அவர்கள் அதைக் காண்பார்கள் என்பதுபோல. சம்பந்தம் பேசிய விமலராஜ் மாமா ஞாயிறுகளில் வருவதை நிறுத்திவிட்டார். அப்பா இப்போது அம்மாவோடும் கதைப்பதில்லை. அது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. உப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்கிறார், அம்மாவுக்குப் பக்கத்தில் உப்பு இருக்கும்.

'தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்' என்பதை ஸ்பானியத்தில் எப்படிச் சொல்வது என்று எங்கள் ரீச்சரிடம் கேட்டேன். அது பி2, ஐந்தாம் வருடத்தில் வரும், அவசரப்படாதே என்று சிரித்தார். ஏ1 முழுக்க நிகழ்காலம்தானே. நான் சாப்பிடுகிறேன். நான் பலேர்மோவில் வசிக்கிறேன். என் அக்காவின் பெயர் துசானி. அந்தப் புத்தகத்தில் ஒருவருமே பிழை விடுவதில்லை.

மன்னித்துவிடு அக்கா. எனக்கு உண்மையாகவே தெரியாது.

நிரோ


வலென்சியா
26 நவம்பர் 2023

நிரோசினி,

முதல் பக்கத்தை மட்டுமல்ல, எல்லாவற்றையும் படித்தேன். தமிழில் எழுதியது நல்லது. இனி எழுதினாலும் ஸ்பானியத்தில் எழுதாதே. அந்த மொழியை நாங்கள் ஒளிப்பதற்கென்றே பழகிவிட்டோம்.

உனக்குத் தெரியாது என்கிறாய். 'வீட்டு வேலைகள்' என்ற பாடம் ஏ1 புத்தகத்தில்தான் வருகிறது. ஒரு பெண் பிள்ளை அலுமாரிக்குள் உடுப்பை அடுக்குகிற படம், கீழே 'குவார்தா லா ரோப்பா', உடுப்பை எடுத்து வை. அதை உனக்குப் படிப்பித்தது உன் ரீச்சர் அல்ல, நான். சமையலறையில் நான் சொக்ஸை எறிவேன், நீ பிடித்து "குவார்தா!" என்று கத்திக்கொண்டு லாச்சியை இழுத்து அதற்குள் போடுவாய். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே எங்கள் கூத்தைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு கிழமை முழுக்க அதுதான் விளையாட்டு. அந்தச் சொல்லை நீ மறந்தாய் என்றால், உன் பெயரை மறந்தாய் என்றும் நம்புவேன்.

எனக்குச் சரி பிழை சொல்லித் தர ஒருவருமில்லை, நானே சொல்கிறேன் கேள். ஓட்டல் பயிற்சிக்கு ஆறு மாதம், பிறகு வந்து கல்யாணம் என்று அப்பாவிடம் சொன்னது பொய்தான். அந்தக் கல்யாணத்துக்கு நான் 'ஓம்' என்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா ஆசையாய் வந்து இருந்தார், அப்பா புதுச் சேட் போட்டிருந்தார். அவர்களுடைய முகங்களைப் பார்த்து 'ஓம்' சொன்னேன். அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்து, முதலில் சுஜீவனுக்கும் பிறகு அப்பாவுக்கும், ஆறுதலாக, அவர்கள் நோகாத மாதிரிச் சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது என்று வசனம் வசனமாக யோசித்தும் வைத்திருந்தேன். மோதிரத்தைப் போட்டுக்கொண்டு போக மனம் வரவில்லை. வீட்டில் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதனால் உன்னிடம் தந்தேன். இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் தந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அப்படியும் அடுத்த ஸ்டேசனில் இறங்கித் திரும்பி வரவில்லை. அது என்னுடைய பாவம், அதை நான் சுமக்கிறேன். ஆனால் அப்பா எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டது உன்னாலே. நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அது.

நோ மெ கொந்தெஸ்தெஸ். பதில் போடாதே. நீ பிழையாக விளங்கிக்கொள்ள இடம் வைக்கக்கூடாது என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறேன்.

துசானி


ஒரேத்தோ
10 மார்ச் 2024

அக்கா,

'கொந்தெஸ்தாரே' என்றால் இத்தாலியனில் எதிர்த்துக் கதைப்பது. ஆகவே 'என்னை எதிர்த்துக் கதைக்காதே' என்று நீ எழுதியதாக எடுத்துக்கொண்டேன். எதிர்த்துக் கதைக்கவில்லை. பதில்தான் போடுகிறேன். இந்தப் பகிடிக்கு நீ இன்னும் கோபிப்பாய் என்று தெரியும். என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல் பொறுத்தேன், அதற்கு ஏதாவது புள்ளி தா.

முதலில் வீட்டுப் புதினம். அப்பா என்னை ஸ்பானிஷ் படிக்க விடமாட்டேன் என்றார். "உந்தப் பாஷைதான் வீட்டைக் குலைச்சது. ஜேர்மனைப் படி" என்றார். டோர்ட்முண்டுக்குப் போக ஒரு மகளாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அழுதேன். கடைசியில் அம்மா தான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவிடம் அரை நாள் லீவு கேட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தானே வந்து, பிள்ளை ஸ்பானிஷிலேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அப்பாவிடம் கேட்கவுமில்லை. அம்மா அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

இனி மற்றது. இதைத் தள்ளித் தள்ளித்தான் வீட்டுப் புதினத்தை நீட்டினேன்.

ஏ2 இல் இறந்தகாலம் வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, செய்து முடித்த காரியத்துக்கு. மற்றது, அந்த நேரம் இருந்துகொண்டிருந்த நிலைமைக்கு. போன கிழமை ரீச்சர் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு, உனக்கு நடந்த ஒன்றை இரண்டு காலத்தையும் கலந்து எழுது என்றார். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. ரயில் நின்றது, அக்கா அழுதுகொண்டிருந்தாள் என்று எழுதினேன். 'அப்ரி லா மானோ', கையைத் திறந்தேன், என்று எழுதினேன். அதற்குக் கீழே 'நோ சபியா' என்று எழுதினேன். எனக்குத் தெரியாமல் இருந்தது.

ரீச்சர் சரி என்று தலையாட்டினார். வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது. நான் டஸ்டரை எடுத்து 'நோ'வை மட்டும் அழித்தேன். ரீச்சர், இல்லையே, அது சரியாகத்தானே இருந்தது என்றார். நான் போய் இருந்துவிட்டேன்.

சபியா. எனக்குத் தெரிந்திருந்தது, அக்கா. சொக்ஸ் விளையாட்டும் நினைவிருந்தது. நீ விரலை மடக்கும்போதே, மோதிரம் என்று உள்ளங்கையில் பட்ட உடனேயே, எல்லாம் விளங்கிவிட்டது. இதை நான் ஒளித்து வைத்தால் நீ இனி வரமாட்டாய் என்றும் விளங்கியது. அம்மா கண்டால் உன்னைக் கையில் பிடித்து இழுத்து இறக்குவார் என்று நினைத்தேன். அம்மா அசையவே இல்லை. கதவு மூடிவிட்டது. உன்னைக் காட்டிக்கொடுக்க நான் நினைக்கவில்லை, மறிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டையும் ஒரே கையால்தான் செய்தேன்.

பிறகு எல்லோரிடமும் 'இத்தாலியனாகக் கேட்டது' என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். உனக்கு எழுதின கடிதத்திலும் அதையே எழுதினேன். அப்பாவைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. உப்பைக் கொடுக்கும்போது கை கூசுகிறது.

இதற்கு நீ பதில் போட வேண்டாம். இந்த முறை அதை நான் சொல்கிறேன்.

நிரோ


வலென்சியா
2 யூன் 2024

நிரோ,

உன் கடிதம் வந்து கனநாள். கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை. முதலில் கோபித்தேன், பிறகு கோபம் போய்விட்டது. போன பிறகுதான் கஷ்டமாக இருந்தது. உன்மேல் கோபித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் நான் என்னைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

நான் வேலை செய்கிற ஓட்டலில், அறையை விட்டபிறகும் ஊர் சுற்ற நினைக்கிறவர்கள் பயணப் பைகளை எங்களிடம் வைத்துவிட்டுப் போவார்கள். இங்கே வைக்கலாம், எடுத்து வைக்கிறேன் என்று நாள் முழுக்கச் சொல்வதற்கு எனக்கு இருக்கிற சொல் உனக்குத் தெரியும். போன மாதம் நம்முடைய பலேர்மோப் பக்கத்துச் சோடி ஒன்று வந்தது. வயது போனவர்கள். நான் என்னோடு வேலை செய்யும் பெடியனிடம் அவர்களின் பையைக் காட்டி "குவார்தலோ" என்றேன். அவன் பையைத் தூக்கினான். அந்த அம்மாவோ, தன்னைப் பார்க்கச் சொன்னேன் என்று நினைத்து, தன் பையையே திரும்பிப் பார்த்து, "என்ன, கிழிஞ்சிருக்கா?" என்று இத்தாலியனில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

நிரோ, அம்மா சின்யோரா வீட்டில் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்திலிருந்து இத்தாலியன் கேட்கிறார். 'அதைப் பார், அங்கே தூசி' என்று எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார். அவர் பக்கத்தில் நிற்க, அந்தச் சொல்லை நான் ஏன் சொன்னேன்? ஒளித்து வை என்பதற்கு 'எஸ்கொந்தெலோ' என்று தெளிவான சொல் இருக்கிறது. பி2 எடுத்தவளுக்கு அது வாயில் வரவில்லையா? முதல் நாள் பின்னேரம் முழுக்க நீயும் நானும் வீட்டில் தனியாக இருந்தோம். பெட்டி அடுக்கினோம், பாட்டுக் கேட்டோம். மோதிரம் அப்போதும் என் சட்டைப்பைக்குள்தான் இருந்தது. அப்போது தந்திருக்கலாம். ரயில் கதவு மூடும் வரைக்கும் வைத்திருந்து, அம்மாவின் கண் முன்னால் எடுத்துத் தந்தேன்.

எனக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். நான் சொல்லப் பயந்ததை உன் கை சொல்லட்டும் என்று விட்டேன். ரயில் என்னைக் கொண்டுபோய்விடும், யாருடைய முகத்தையும் நான் பார்க்கத் தேவையில்லை. பிறகு, நீ ஏன் சொன்னாய் என்று உன்னிடமே சண்டைக்கு வந்தேன். உனக்குப் பதினைந்து வயது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுஜீவனோடு கதைத்தேன். நான் பயந்த மாதிரி அவர் ஏசவில்லை. "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் வருடத்தில் வரும் என்று ரீச்சர் சொன்னாரே, 'தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்' என்கிற வசனம். அதை எதிர்பார்த்துக்கொண்டு இராதே. சோதனையில் எழுது, புள்ளி கிடைக்கும். நம் இரண்டு பேருக்கும் அது பொருந்தாது. நாங்கள் தெரிந்துதான் செய்தோம்.

அப்பாவின் முழங்கால் நோ எப்படி? அம்மா என்னைப் பற்றி ஏதாவது கதைக்கிறாரா? கதைக்காவிட்டால், கதைக்கிறார் என்று எழுத வேண்டாம்.

அக்கா


ஒரேத்தோ
8 டிசம்பர் 2024

அக்கா,

இன்றைக்கு மாதா திருநாள். பள்ளிக்கூட லீவு வீணாகிவிட்டது, ஞாயிறுதானே. மொனிகா வீட்டிலிருந்து எழுதுகிறேன். றோஸ்மேரி அன்ரி ஸ்பின்சோனே பீட்சா வாங்கித் தந்தார். "உன்ரை ஸ்பெயின் சிநேகிதிக்கும் ஒரு துண்டு அனுப்பு" என்றார். அன்ரி எங்களை நம்பவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நான் மூன்றாம் வருடம் வந்துவிட்டேன். பி1. இதில் ஆசைப்படுவதற்கும் பயப்படுவதற்கும் என்றே வினைச்சொல்லுக்கு வேறு உருவம் இருக்கிறது. 'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்று எழுதினால் 'வர' என்பது சாதாரண 'வர' அல்ல. வருவாயோ மாட்டாயோ தெரியாத 'வர'. இதைத் தமிழில் எழுதும்போது ஒன்றும் மாறுவதில்லை. ஆனால் எனக்குள் அது மாறித்தான் இருக்கிறது.

அம்மா உன்னைப் பற்றிக் கதைத்தார். பொய்யில்லை.

நீ எழுதியதைப் படித்த பிறகு வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. போன சனிக்கிழமை அம்மாவுக்கு உடுப்பு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்தில். "அம்மா, அண்டைக்கு ஸ்டேசனிலை நான்தான் கையைத் திறந்தனான். அக்காவிலை பிழையில்லை" என்று தொடங்கினேன். அம்மா என்னை முடிக்க விடவில்லை.

"நீ திறந்தால் என்ன, திறக்காட்டில் என்ன? அவள் எனக்குத்தானே சொன்னவள், பார் எண்டு. நான் பாத்தன்."

அம்மா சேலையை உதறிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். அன்றைக்கு அறைக்குள் அப்பாவிடம் அவர் சொன்னதும் இதுதானாம். 'பிள்ளை ஒளிச்சுப்போட்டு ஓடேல்லை. மோதிரத்தைக் கழட்டி என்ரை கண்ணுக்கு முன்னாலை காட்டி, பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள். நான்தான் போ எண்டு விட்டனான்.' அப்பா ஏன் அம்மாவோடு அவ்வளவு மாதம் கதைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது அப்பா கொஞ்சம் இளகியிருக்கிறார். விமலராஜ் மாமா திரும்ப வரத் தொடங்கிவிட்டார். உன்னைப் பற்றி ஏதோ குத்திக் கதைத்தபோது அப்பா, "அவள் களவாய்ப் போகேல்லை. தாயிட்டைச் சொல்லிப்போட்டுப் போனவள்" என்று மறித்தார். நான் என் காதால் கேட்டேன். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா உன்னிடம் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.

அது உண்மையில்லை என்று எனக்கும் உனக்கும் தெரியும். நீ அம்மாவுக்குச் சொல்லவில்லை. நான் என்ன செய்ய? சொல்லாவிட்டால் அம்மாவை ஏமாற்றுகிறோம். சொன்னால் அப்பா பிடித்திருக்கிற கயிறு அறுந்துவிடும். பி1 இல் இதற்குப் பாடம் இல்லை. நீ சொல்லு.

நிரோ


வலென்சியா
19 ஜனவரி 2025

நிரோ,

நீ கேட்டதற்கு யோசித்து யோசித்து, இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் 'அம்மா நினைப்பதையே நினைக்கட்டும், விடு' என்று எழுதியிருந்தேன். அது சுகமான வழி. எனக்கு எப்போதும் சுகமான வழிதான் முதலில் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை 'ஓம்' என்றதும் அப்படித்தான், ரயிலில் வைத்துத் தந்ததும் அப்படித்தான்.

செய்யாத நல்லதுக்கு அம்மா எனக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறார். அதற்காக அவர் ஒரு வருடத்துக்கு மேல் அப்பாவின் கோபத்தைத் தின்றிருக்கிறார். அது தெரிந்த பிறகு எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடு. அவர் படிக்கட்டும்.

அம்மா, நான் உங்களைப் பார்க்கச் சொல்லவில்லை. நிரோவிடம், எடுத்து வை, ஒளித்து வை என்றுதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்த மொழியில் சொன்னேன். உங்களை நான் நம்பவில்லை. அதுதான் என்னுடைய பிழை. நிரோவில் ஒரு பிழையும் இல்லை. கோபிக்க வேண்டுமானால் கோபியுங்கள். அப்பா திரும்பவும் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், நான் வெளியே நிற்கிறேன்.

நிரோ, இதைக் கொடுக்க உனக்குப் பயமாக இருக்கும். இந்த முறையும் உன் கையில்தான் தருகிறேன். ஆனால் இந்த முறை கையைத் திற.

அக்கா


ஒரேத்தோ
23 பெப்ரவரி 2025

அக்கா,

கொடுத்தேன். மொனிகா வீட்டிலிருந்து எடுத்து வந்த கடிதத்தைக் கன நாள் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன், அதற்கு மன்னித்துக்கொள். இன்றைக்கு மத்தியானம் அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, நின்றபடியே படித்தார். எனக்கு எழுதின பகுதியில் அவர் நிற்கவில்லை. தனக்கு எழுதின பகுதியை மட்டும் இரண்டு தரம் படித்தார். அழுவார் என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்தார், ஆனால் சிரித்த மாதிரியும் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உடுப்பை அலுமாரிக்குள்ளை எடுத்து வைக்கிற சொல்லெல்லே அது. நீங்கள் ரெண்டு பேரும் சொக்ஸை எறிஞ்சு எறிஞ்சு கத்தேக்கை நானும் அங்கைதானே தேங்காய் துருவினனான். உங்கடை ஸ்பானிஷிலை பாதி எங்கடை இத்தாலியன். மிச்சத்திலையும் கொஞ்சம் காதிலை விழாமலே விடும்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அக்கா, நாங்கள் சமையலறையில் கதைத்த எல்லாவற்றையும் நினைத்துப் பார். சின்யோராவின் மகனைப் பற்றி நீ சொன்னதையும் நினைத்துப் பார்.

"அப்ப ஏனம்மா அப்பாட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஒளிச்சுப்போட்டுப் போனவள் எண்டால் அவர் இனி வீட்டுக்கை எடுப்பாரே? எனக்குச் சொல்லிப்போட்டுப் போனவள் எண்டால் கோவத்திலை பாதி எனக்கு வரும். வந்தது. வரட்டும் எண்டு இருந்தன்." கரண்டியைக் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அது பொய்தான். கோயிலிலை கும்பிடேக்கை அதுதான் முன்னுக்கு வந்து நிக்கும். ஆனா என்ரை பிழை அந்தப் பொய் மட்டுமில்லை. விரல் வெறுமையா இருந்ததை நான் ஸ்டேசனுக்குள்ளை வரேக்கையே கண்டிட்டன். கேட்டிருந்தால் பிள்ளை சொல்லியிருப்பாள். சொன்னால் நான் மறிக்க வேணும். மறிச்சால் அவள் நிண்டிருப்பாள், விருப்பமில்லாமல் கட்டியிருப்பாள். அதாலை கேக்கேல்லை. அவளை நானும் போக விட்டனான்தான்."

என் கை திறந்தது, நீ சொல்லைத் தேர்ந்தது எல்லாவற்றுக்கும் முன்னமே அம்மா கண்டிருந்தார். மூன்று பேரும் ஒன்றும் விளங்காதவர்கள் மாதிரி அந்த ரயிலுக்கு முன்னால் நின்றிருக்கிறோம்.

அப்பாவுக்கு இதை இனி யார் சொல்வது என்று கேட்டேன். "அவள் வந்து தன்ரை வாயாலை சொல்லட்டும். தமிழிலை சொல்லட்டும். நான் பக்கத்திலை நிக்கிறன் எண்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அப்பா வந்தார். நேற்றுத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த, பிந்திப் பழுக்கிற மந்தரீனோத் தோடம்பழங்களை மேசையில் கொட்டி, ஒன்றை உரித்து எனக்குப் பாதி தந்தார். "ஏப்ரல் வந்தால் மரத்திலை ஒண்டும் இராது" என்று சுவருக்குச் சொன்னார். இன்னொன்றை உரித்துக்கொண்டே, "அங்கை உதெல்லாம் எங்கை கிடைக்கப்போகுது" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. வலென்சியா முழுக்கத் தோடை மரம் என்று நானும் சொல்லவில்லை. ஏப்ரலுக்கு முதல் வா அக்கா. வந்து சொல்லு. எனக்கும் சொல்ல ஒரு வசனம் இருக்கிறது, நானும் உன்னோடு நின்று சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் மந்தரீனோ தின்றுகொண்டிருக்க, அம்மா சமையலறையால் வந்து, உன் கடிதத்தைச் சின்னதாக மடித்து, அப்பாவுக்கு முன்னாலேயே என் உள்ளங்கையில் வைத்தார்.

"குவார்தலோ" என்றார்.

அப்பா தலையை நிமிர்த்தினார். "என்னத்தைப் பாக்கச் சொல்லுறாய்?"

"அவளின்ரை பள்ளிக்கூடப் பாடத்தை" என்றார் அம்மா.

நான் கையை மூடிக்கொண்டேன்.

நிரோ